பகுதிநேரப் படைச்சேவையில் சேர்ந்தால் படிப்புச் செலவுக்கு வழி உண்டா? பிராந்திய ராணுவமும் அமெரிக்க ரிசர்வ் படையும்

கவுண்டன்யா கரை (குடியாத்தம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு ஒரே சமயத்தில் எழுந்திருக்கிறது. இரண்டுமே படைச்சேவையோடு சம்பந்தப்பட்டவை என்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

என் அக்காள் குடும்பம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. அவர்கள் அனைவருக்கும் கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. அக்காள் மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருக்கிறான். அவன் பள்ளிக்கு வந்த ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலர் ஒருவர், மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்கு வந்தால் போதும், கல்லூரிச் செலவைப் படை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு இதில் பாதி நம்பிக்கை, பாதி அச்சம்.

என் மகன் இயந்திரவியலில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறான். பி.இ. படிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு விடவில்லை. அத்தை மகன் சொன்னதைக் கேட்டதிலிருந்து, நம் ஊரில் பிராந்திய ராணுவம் என்னும் டெரிடோரியல் ஆர்மியும் பகுதிநேரப் படைதானே, அதில் சேர்ந்தால் என் படிப்புக்கும் பணம் தரமாட்டார்களா என்று கேட்கிறான். என் மாமனார் ஊர் கம்மவான்பேட்டை. அங்கே வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனவர். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். முழு ராணுவத்துக்கு உரிய சலுகைகளையும் பகுதிநேரப் படைக்கு உரியவற்றையும் கலந்து பேசுகிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் (கம்மவான்பேட்டை):

தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல முழுநேரப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள். தங்களுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் உங்கள் மகனுக்கு அது பொருந்தாது.

பிராந்திய ராணுவம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை ஒன்றுதான்: வேறு வேலையோ தொழிலோ செய்து பிழைக்கிற குடிமகன், ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிந்து பயிற்சி பெற்று, நாட்டுக்குத் தேவைப்படும்போது அழைப்பை ஏற்று வர வேண்டும். 18 வயதிலிருந்து 42 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். நகர்ப்புற அலகுகளில் ஆண்டுக்கு 30 நாள் பயிற்சி. மாகாணக் காலாட்படை அலகுகளில் இரண்டு மாதப் பயிற்சி. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் 110ஆவது பட்டாலியனும் திருச்சிராப்பள்ளியில் 117ஆவது பட்டாலியனும் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் தேர்வுக்குப் போய் வருகிறார்கள்.

பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்பட்டிருக்கும் காலத்துக்கு, அதாவது எம்பாடிமென்ட் காலத்துக்கு, முழுநேரச் சிப்பாய்க்கு உரிய சம்பளமும் படிகளும் உண்டு. அந்த நாட்கள் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டால் சம்பளம் நின்றுவிடும். அழைப்பில் போனவரை அவருடைய முந்தைய வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் சிப்பாயாக இருப்பவரின் சொந்தப் பட்டப் படிப்புக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் திட்டம் எதுவும் பிராந்திய ராணுவத்தில் கிடையாது. உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஊரில் பேசப்படும் கல்விச் சலுகைகள் யாருக்கு உரியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியம் தரும் கல்வி மானியம், ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப்பட்ட நிலையிலும் இருந்த முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் இருவர் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப் படிப்பு வரைக்கும் கொடுக்கப்படுகிறது. அது மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பிரதமர் கல்வி உதவித்தொகை என்பது வேறு. அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளும் கைம்பெண்களும் தொழிற்கல்விப் பட்டப் படிப்பில் சேரும்போது, பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஆண்களுக்கு 2,500 ரூபாயுமாக, ஆண்டுக்கு 5,500 பேருக்குத் தேர்ந்தெடுத்துத் தரப்படுவது. பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டயத்திலோ 60 விழுக்காடு இருக்க வேண்டும். இவை தவிர நம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து வரும் உதவியும், பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படும் 150 இடங்களும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளைக் கருதி ஏற்பட்டவை. சேவை செய்தவரே கல்லூரிக்குப் போய்ப் படிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல.

அடுத்ததாக ஒரு முக்கியமான தடை இருக்கிறது. பிராந்திய ராணுவத்தில் இருந்து விலகியவர்கள் எல்லாரும் முன்னாள் படைவீரர் ஆகிவிடுவதில்லை. தொடர்ச்சியான எம்பாடிமென்ட் சேவைக்காக ஓய்வூதியம் பெறுபவர், படைச்சேவையின் காரணமாக உடற்குறை அடைந்தவர், வீரப் பதக்கம் பெற்றவர் ஆகிய மூன்று வகையினருக்குத்தான் அந்தத் தகுதி. சிப்பாய் நிலையில் இருப்பவருக்கு ஓய்வூதியம் வேண்டுமானால் எம்பாடிமென்ட் காலம் கூட்டிப் பார்த்து 15 ஆண்டு வர வேண்டும். பிராந்திய ராணுவத்தில் இருந்த என் உறவுமுறைத் தம்பி ஒருவன் தன் படைவிலகல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். ஒவ்வொரு வரியிலும் அழைக்கப்பட்ட தேதி, அனுப்பப்பட்ட தேதி, அதற்கு எதிரே நாட்கள் என்று நீல மையில் எழுதி, வரி முடிவில் அலுவலரின் சுருக்கொப்பம் இருந்தது. இரண்டு பேரும் பென்சிலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கூட்டினோம். படையில் பெயர் இருந்த காலம் நீண்டது. ஆனால் கூட்டி வந்த எம்பாடிமென்ட் காலம் ஓய்வூதியத்துக்கு எட்டவில்லை. அவன் மகளுக்கு, முன்னாள் படைவீரரின் பிள்ளை என்பதைக் காட்டும் சார்ந்தோர் சான்று வாங்க முடியாது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும், சேரும்போதே ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆற்காடு – இல்லினாய்:

ஹவில்தார் ஐயா இந்தியப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஆற்காட்டில் பிறந்தவன். இல்லினாய் மாநிலத்தின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் ஆறாண்டு ஒப்பந்தத்தை முடித்தவன். உங்கள் அக்காள் மகனுக்குத் தேவையானதை நான் சொல்கிறேன்.

ஆள்சேர்ப்பு அலுவலர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நான்கு வெவ்வேறு உதவிகளை ஒன்றாக்கிச் சொல்லியிருக்கிறார். அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜி.ஐ. பில் என்பது படையினரின் படிப்புக்கு உதவும் அமெரிக்கச் சட்டங்களின் பெயர். அவற்றில் பகுதிநேரப் படையினருக்கென்றே இருப்பது மாண்ட்காமரி ஜி.ஐ. பில்லின் செலக்டட் ரிசர்வ் பிரிவு. அது 1985 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறாண்டு ரிசர்வில் இருப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, தொடக்கப் பயிற்சியை முடித்து, ஒழுங்காக வார இறுதிப் பயிற்சிக்கு வருகிறவருக்கு 36 மாதம் வரை அது கிடைக்கும். முழுநேரமாகப் படிப்பவருக்கு மாதம் 500 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வோர் அக்டோபரிலும் தொகை சற்றே மாறும். பணம் நேராக மாணவர் கைக்கு வரும். இதற்காகச் சம்பளத்தில் எதுவும் பிடிப்பதில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள பணிப்பிரிவைத் தேர்ந்தெடுத்தால் இதற்கு மேல் கிக்கர் என்ற பெயரில் மாதம் 350 டாலர் வரை சேரலாம். ஆனால் அமெரிக்கக் கல்லூரிக் கட்டணத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தொகை புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதும், கட்டணத்துக்குப் போதாது.

கட்டணத்துக்குக் கைகொடுப்பது, இல்லினாயைப் பொறுத்தவரை, மாநிலம் தரும் நேஷனல் கார்டு மானியம். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் எட்டுப் பருவம் வரை, அதாவது நான்கு ஆண்டு முழுநேரப் படிப்புக்கு ஈடான காலத்துக்கு, கல்விக் கட்டணத்தை அது ஏற்றுக்கொள்கிறது. என் படிப்பு அதனால்தான் கடனில்லாமல் முடிந்தது. உங்கள் மச்சானிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆர்மி ரிசர்வ் என்பது மத்திய அரசின் படை, நேஷனல் கார்டு என்பது மாநிலத்தின் படை; பள்ளிக்கு வந்த அலுவலர் எதற்காக ஆள் சேர்க்கிறார் என்று கேளுங்கள். ரிசர்வில் கையெழுத்திட்டுவிட்டு மாநில மானியத்தை எதிர்பார்த்தால் கிடைக்காது. இரண்டிலும் வார இறுதிப் பயிற்சிதான், சீருடையும் ஒன்றுதான், அதனால் பலர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மூன்றாவதாக, டியூஷன் அசிஸ்டன்ஸ் என்ற திட்டத்தில் ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்துக்குரிய மதிப்பலகு ஒன்றுக்கு, 250 டாலர் வரை, ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டுப் படையே கல்லூரிக்குச் செலுத்தும்.

நான்காவது, எல்லாரும் பெரிதாகப் பேசும் 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில். 2009 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த இதில், மாநில அரசுக் கல்லூரியின் முழுக் கட்டணமும் வீட்டு வாடகைப் படியும் புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரையும் கிடைக்கும். ஆனால் இது முழுநேரப் பணியில் கழித்த நாட்களை வைத்துக் கணக்கிடப்படுவது. 90 நாள் முழுநேரப் பணிக்கு 50 விழுக்காடு, ஆறு மாதத்துக்கு 60, 18 மாதத்துக்கு 70 என்று உயர்ந்து, 36 மாதம் நிறைந்தால்தான் 100 விழுக்காடு. வார இறுதிப் பயிற்சியில் மட்டும் இருப்பவருக்கு இதில் ஒரு காசும் கிடையாது.

பாகாயம் மாணவன்:

ஆற்காடு அண்ணா, ஒரு சந்தேகம். அடிப்படைப் பயிற்சியே சில மாதங்கள் நடக்கும் என்று படித்திருக்கிறேன். அந்த மாதங்கள் முழுநேரம்தானே? அதை வைத்து 90 நாள் கணக்கை எட்டிவிட முடியாதா?

ஆற்காடு – இல்லினாய்:

முடியாது, தம்பி. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ரிசர்விலோ கார்டிலோ சேர்ந்தவரின் தொடக்கப் பயிற்சிக் காலம் 90 நாள் தகுதியை எட்டுவதற்கு எண்ணப்படுவதில்லை. மாதாந்தரப் பயிற்சியும், ஆண்டுக்கு இரண்டு வாரப் பயிற்சியும் எண்ணப்படுவதில்லை. புயல், வெள்ளம் என்று ஆளுநர் மாநிலப் பணிக்கு அழைத்த நாட்களும் அப்படியே. மத்திய அரசின் ஆணையின் பேரில் வெளிநாட்டுக்கோ வேறு முழுநேரப் பணிக்கோ அனுப்பப்பட்ட நாட்கள்தான் கணக்கில் ஏறும். ஒரே முகாமில், ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்கு நாள் ஏறியும் மற்றவருக்கு ஏறாமலும் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஆணைத் தாளில் குறிப்பிடப்பட்டிருந்த சட்டப் பிரிவு வேறாக இருந்ததுதான் காரணம். சீருடையில் கழித்த எல்லா நாளும் படிப்புக்கு எண்ணப்பட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டும் அது சட்டமாக நிறைவேறவில்லை. இது நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஆபத்துக்கு ஆளாகிறவர்களை ஆணைத் தாளின் எண்ணை வைத்துப் பிரிக்கக் கூடாது.

இரண்டு ஜி.ஐ. பில்களையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட திட்டத்தில் தகுதி இருந்தாலும் மொத்தம் 48 மாதத்துக்கு மேல் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி சந்திப்பு:

வெளிநாட்டுக் குடியுரிமை, விசா தொடர்பான விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், இதுவரை யாரும் தொடாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடியாத்தத்து அண்ணனின் அக்காள் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்கப் படையில் சாதாரண நிலையில் சேரலாம். அதிகாரி ஆக வேண்டுமானால் குடியுரிமை வேண்டும். இன்றைக்கோ நாளைக்கோ அந்தப் பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெறுவான். பெற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதன் பிறகு இந்தியாவுக்கு வந்துபோக மற்றவர்கள் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை, வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டை பெற உரிமை இல்லை என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. ஆகவே, ஒவ்வொரு முறையும் விசா வாங்கித்தான் வர வேண்டியிருக்கும். தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும் வீட்டுக்கு, அவசரமாகக் கிளம்பி வர வேண்டிய ஒரு நாளில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. படிப்புச் செலவு மிச்சமாவதை ஒரு பக்கம் எழுதும்போது, இதை மறுபக்கம் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கவுண்டன்யா கரை (குடியாத்தம்):

காட்பாடி அம்மா, இந்தச் செய்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்றிரவே அக்காளிடம் பேசுகிறேன். ஆற்காடு தம்பி சொன்ன மாநில மானியத்தைப் பற்றியும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. வந்தவர் ஆர்மி ரிசர்வைச் சேர்ந்தவர் என்று மச்சான் உறுதி செய்திருக்கிறார்.

என் மகனுடைய விஷயத்தில் ஹவில்தார் ஐயாவின் பதில் கேட்டு அவன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவன் இன்னொன்று கேட்கிறான்: படிப்புக்கென்று தனிப் பணம் வராவிட்டால் போகட்டும், ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சிக்குப் போய் வரும் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, மிச்ச மாதங்களில் பி.இ. படித்துக்கொள்ள முடியாதா?

சேர்க்காடு விரிவுரையாளர்:

இந்தக் கேள்விக்குக் கல்லூரிப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். நான் இருபாலர் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு பருவமும் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மன்றாடுகிறவள்.

பொறியியல் படிப்பில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்தில் பாடம் நடக்கும் நாட்கள் ஏறக்குறைய நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும். அதற்கிடையே இரண்டு மாதம் முகாமுக்குப் போனால் பாதி வருகை போய்விடும். அந்தப் பருவம் வீணாகும். முகாமின் தேதியைப் பட்டாலியன் முடிவு செய்யும், மாணவர் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் படையின் அழைப்பை ஏற்றுப் பாதியில் போன மாணவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இங்கே பிராந்திய ராணுவச் சட்டம் வேலையைக் காப்பாற்றுகிறது. கல்லூரி இருக்கையைப் பற்றி அதில் பேச்சில்லை. எனவே முழுநேர பி.இ.யையும் பிராந்திய ராணுவத்தையும் ஒன்றாக இழுத்துச் செல்வது மிகக் கடினம். அவன் வேலையில் இருந்துகொண்டே சேவை செய்யலாம், அல்லது வேலையை விட்டுப் படிக்கலாம். வேலை, படிப்பு, படை மூன்றையும் ஒரே தோளில் ஏற்றினால் படிப்புதான் முதலில் சரியும்.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் ஒரே வட ஆற்காடாக இருந்த காலத்திலிருந்து படைக்குப் பிள்ளைகளை அனுப்பி வந்திருக்கின்றன. லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்களை நினைவுகூரும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இவ்வளவு கொடுத்த மண்ணில், பகுதிநேரமாகச் சேவை செய்ய முன்வரும் ஒரு பட்டயதாரிக்குப் பருவக் கட்டணத்தையாவது அரசு ஏற்றுக்கொண்டால் என்ன? பிள்ளைகளுக்கு உதவுவது நல்லது. ஆனால் 22 வயதில் சீருடை அணிந்தவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையைக் காட்டிலும் அவனுக்கே படிப்பு அவசரம் அல்லவா?

பணத்துக்கு வேறு வழிகளும் உள்ளன. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு உங்கள் மகன் தகுதியானவன். படிப்பு மூன்றே ஆண்டில் முடியும். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசுக் கல்லூரி போன்றவற்றில் கட்டணம் தனியார் கல்லூரிகளை விட மிகக் குறைவு. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றை வட்டாட்சியர் அலுவலகம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உங்களுக்குப் பெண் பிள்ளை இருந்து, அவள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே தொகையைத் தருகிறது. சீருடை தேடிப் போகும் முன் வீட்டு வாசலில் இருக்கும் இந்த உதவிகள் முழுவதையும் பெற்றுவிட்டோமா என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் (கம்மவான்பேட்டை):

அம்மா, நீங்கள் சொன்ன வழிகள் யாவும் சரி. ஆனால் பருவக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும் என்ற இடத்தில் நான் சற்று மாறுபடுகிறேன்.

அமெரிக்கர்கள் பள்ளி முடித்த பிள்ளையைப் பிடித்துப் படிக்க வைத்துப் படையில் நிறுத்துகிறார்கள். அவர்களுடைய ரிசர்வ் பெரியது. கல்லூரிக் கட்டணமும் மலைபோல் இருக்கிறது. ஆகவே படிப்புச் செலவுதான் அவர்கள் கையில் உள்ள இழுவிசை. பிராந்திய ராணுவத்தின் நினைப்பு வேறு. ஏற்கெனவே சொந்தக் காலில் நிற்கிறவனைத்தான் அது வரச் சொல்கிறது. படிப்புப் பணத்தைக் காட்டி அழைத்தால், பணம் முடிந்த அன்று போய்விடுகிறவர்கள்தான் மிகுதியாக வருவார்கள் என்பது நான் படையில் கண்ட மனிதர்களை வைத்துச் சொல்வது. எல்லையில் பக்கத்துப் பதுங்குகுழியில் இருப்பவன் எதற்காக வந்தவன் என்பது அங்கே இருப்பவனுக்கு மிகவும் முக்கியம்.

நான் கேட்பது வேறொன்று. அழைப்பை ஏற்றுப் போய்ப் பத்தாண்டு எம்பாடிமென்டில் இருந்தவனையும் ஒரு நாளும் போகாதவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஓய்வூதியத்துக்கு எட்டாவிட்டாலும், அவன் சேவை செய்த ஆண்டுகளின் அளவுக்கேற்ப அவன் பிள்ளைகளுக்குக் கல்வி மானியத்தில் ஒரு பங்காவது கொடுங்கள். என் உறவுத் தம்பியின் மகளுக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் சேர்ந்திருப்பாள்.

சேர்க்காடு விரிவுரையாளர்:

சேவை செய்த ஆண்டுகளின் அளவுக்கு மானியம் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன், ஐயா. அமெரிக்காவில் 90 நாளுக்கு 50 விழுக்காடு என்று படிப்படியாக வைத்திருப்பதும் அதே முறைதான். ஆனால் பணத்துக்காக வருகிறவன் நிலைக்க மாட்டான் என்பதை நான் ஏற்கவில்லை. என்னிடம் படித்துவிட்டுப் படைக்குப் போனவர்களில் வறுமையைக் காரணமாகச் சொல்லிப் போனவர்களே அதிகம். அவர்கள் யாரும் பாதியில் திரும்பி வரவில்லை.

பாகாயம் மாணவன்:

படையும் வேண்டும் படிப்பும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அக்னிவீர் திட்டத்தில் ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லையே. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், பணியில் பெறும் திறன் பயிற்சிக்குப் பாதி மதிப்பீடு கொடுத்து, மீதியைப் பாடங்களாகப் படித்து, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெறலாம். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றும் உண்டு. நான்காண்டு முடிவில் சேவா நிதி என்னும் மொத்தத் தொகையாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் (கம்மவான்பேட்டை):

நல்ல தகவல், தம்பி. ஆனால் அது நான்காண்டு முழுநேரப் பணி, வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கிடைக்கும் பட்டமும் பி.இ. ஆகாது. சேவா நிதியில் பாதி அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் மாதந்தோறும் 30 விழுக்காடு பிடித்துச் சேர்த்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நான்காண்டோடு வெளியே வருகிறவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. ஆகவே நான் முன்பு சொன்ன பிள்ளைகளுக்கான சலுகைகளும் வாரா. உடல் உரமும் படை மீது பற்றும் உள்ள பிள்ளை தாராளமாகப் போகட்டும். குடியாத்தத்துப் பிள்ளைக்கு வேண்டியது இயந்திரவியலில் பட்டம், அதற்கு இது வழியில்லை.

கவுண்டன்யா கரை (குடியாத்தம்):

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டோம். என் மகன் நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறான். முதல் தலைமுறைச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். பட்டம் வாங்கி வேலையில் அமர்ந்த பிறகு பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேரத் தேர்வு எழுதலாம் என்று அவனே சொல்கிறான். 42 வயது வரை நேரம் இருக்கிறது என்று ஐயா எழுதியது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் பொருந்தும் என்பதையும் பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அக்காள் மகன் ஓ.சி.ஐ. விஷயத்தைக் கேட்டும் மனம் மாறவில்லை. தாத்தாவிடம் அவனே தொலைபேசியில் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டான். ஆனால் ரிசர்வுக்குப் பதிலாக நேஷனல் கார்டு அலுவலரைப் பார்க்கப் போகிறான். கையெழுத்திடும் முன் அவன் கேட்டு வாங்க வேண்டியவை எவை என்று ஆற்காடு தம்பி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆற்காடு – இல்லினாய்:

ஒப்பந்தத்தின் முதல் தாளில் கல்வி உதவியைப் பற்றி எதுவும் இருக்காது. அது இணைப்புத் தாள்களில்தான் இருக்கும். கிக்கர் தருவதாக வாயால் சொல்லியிருந்தால், தொகையும் பணிப்பிரிவும் குறிப்பிட்ட இணைப்புத் தாள் உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அன்று கையெழுத்திட வேண்டாம். ஆறாண்டு வார இறுதிப் பயிற்சியும், அதற்கு மேல் பயிற்சியில்லாத இரண்டாண்டும் சேர்ந்து மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டு என்பதை அவன் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.

தொடக்கப் பயிற்சி முடிந்ததும் மாண்ட்காமரி உதவிக்கான தகுதி அறிவிப்புப் படிவத்தை அலகு கொடுக்கும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். முழுநேரப் பணிக்கு எப்போது அனுப்பப்பட்டாலும் ஆணைத் தாளின் நகலையும், பணி முடிந்ததும் தரப்படும் டிடி 214 படிவத்தையும் வீட்டில் தனியாக வைத்துக்கொள்ளட்டும். வார இறுதிப் பயிற்சிக்குச் சொல்லாமல் வராமல் இருந்தால் மாண்ட்காமரி உதவி நிறுத்தப்படும், மாநில மானியமும் ஆபத்துக்குள்ளாகும். தேர்வு நேரமாக இருந்தால் முன்கூட்டி எழுதிக் கொடுத்து வேறு நாளில் ஈடு செய்ய அனுமதி கேட்கலாம், நான் அப்படித்தான் செய்தேன். மாநில மானியத்துக்கு ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; அதன் கடைசித் தேதி கல்லூரியின் தேதியோடு ஒத்திருக்காது, ஆகவே கல்லூரியில் படைவீரர் பிரிவைக் கவனிக்கும் அலுவலரை முதல் வாரத்திலேயே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.